புலனாகா நாய்வேலி

புலனாகா நாய்வேலி என்பது வளர்ப்பு நாயைச் சுவரோ கம்பிவேலியோ இன்றி ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள் இருக்கச் செய்யும் மின்னணுக் கருவித் தொகுதி ஆகும். நிலத்தில் புதைக்கப்படும் கம்பி, அக்கம்பியுடன் இணைக்கப்படும் அலைபரப்பி, நாயின் கழுத்தில் கட்டப்படும் அலைவாங்கிப் பட்டை ஆகிய மூன்றும் இதன் முதன்மை உறுப்புகள் ஆகும். நாய் எல்லையை நெருங்கும்போது பட்டை முதலில் ஒலி எழுப்பி எச்சரிக்கும். நாய் மேலும் முன்னேறினால் அதன் கழுத்தில் சிறிய மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தும். இவ்வாறு எல்லையைத் தவிர்க்க நாய் பழக்கப்படுத்தப்படுகிறது.

இத்தொகுதி பெரிய புல்வெளி முற்றங்களைக் கொண்ட வட அமெரிக்க வீடுகளுக்காக உருவாக்கப்பட்டது. சென்னை சாந்தோம் போன்ற நெருக்கமான நகர்ப்பகுதிகளில் இதன் பயன் மிகவும் வரையறைக்கு உட்பட்டது. விலங்குநல நோக்கில் இது பல நாடுகளில் சர்ச்சைக்கு உள்ளாகியுள்ளது. சில நாடுகளில் தடையும் செய்யப்பட்டுள்ளது.

பெயர்

இக்கருவி மின்வேலி என்றும் சில வேளைகளில் அழைக்கப்படுகிறது. ஆனால் தமிழில் மின்வேலி என்னும் சொல் வயல்களைச் சுற்றி அமைக்கப்படும், மின்னூட்டம் பெற்ற கம்பி வேலியையே பொதுவாகக் குறிக்கும். இரண்டும் வேறு வேறானவை. மின்வேலியில் கம்பியைத் தொடும் எவ்வுயிருக்கும் அதிர்ச்சி ஏற்படும். புலனாகா நாய்வேலியில் புதைக்கப்பட்ட கம்பி எவருக்கும் அதிர்ச்சி தருவதில்லை. மின்துடிப்பு, கழுத்துப்பட்டையில் உள்ள மின்கலத்திலிருந்து பட்டை அணிந்த நாய்க்கு மட்டுமே கிடைக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரடியாக இணைப்பது உயிருக்கு ஆபத்தானது.

வரலாறு

வளர்ப்பு விலங்குகளுக்கான இவ்வகை வேலியை ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு பெக் என்பவர் உருவாக்கி, 1973 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நாய்கள் சாலையில் வண்டிகளில் அடிபட்டு இறப்பதைத் தடுப்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் இது இன்விசிபிள் பென்சு என்னும் வணிகப் பெயரில் பரவலாக விற்கப்பட்டது. அப்பெயரே நாளடைவில் இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் போல வழங்கலாயிற்று. அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் வீட்டின் முன்புறம் உயரமான வேலி அமைக்கக் கூடாது என்னும் விதி இருப்பதும் இதன் பரவலுக்கு ஒரு காரணம் ஆகும்.

உறுப்புகள்

அலைபரப்பி: வீட்டினுள் அல்லது கூரையுள்ள இடத்தில் சுவரில் பொருத்தப்படும் சிறு பெட்டி. வீட்டு மின்சாரத்தைத் தாழ்ந்த மின்னழுத்தமாக மாற்றும் மின்னேற்பி மூலம் இது இயங்கும். எல்லைப் பட்டையின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதில் ஒரு திருகி இருக்கும். கம்பி எங்கேனும் அறுந்தால் ஒலி எழுப்பி அறிவிக்கும்.

எல்லைக் கம்பி: காப்புறை இடப்பட்ட மெல்லிய செப்புக் கம்பி. அலைபரப்பியில் தொடங்கி நிலத்தைச் சுற்றி வந்து மீண்டும் அலைபரப்பியிலேயே முடியும். அதாவது இது ஒரு மூடிய சுற்று ஆகும். பொதுவாக 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில் புதைக்கப்படும். ஆழம் பாதுகாப்புக்காக அன்று. புல்வெட்டியாலும் மண்வெட்டியாலும் கம்பி அறுபடாமல் இருப்பதற்காகவே.

கழுத்துப்பட்டை: அலைவாங்கிச் சுருள், கட்டுப்பாட்டுச் சில்லு, மின்கலம், ஒலிப்பான், இரண்டு உலோக முனைகள் ஆகியவற்றைக் கொண்டது. உலோக முனைகள் நாயின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடர்ந்த மயிர் கொண்ட நாய்களுக்கு நீண்ட முனைகள் பயன்படுகின்றன.

எல்லைக் கொடிகள்: பயிற்சிக் காலத்தில் எல்லை எங்குள்ளது என்பதை நாய்க்குக் காட்டுவதற்காக நடப்படும் சிறு வெண்கொடிகள். பயிற்சி முடிந்ததும் இவை படிப்படியாக அகற்றப்படும்.

இயங்குமுறை

அலைபரப்பி, எல்லைக் கம்பியில் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகும். மின்னோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதி. கழுத்துப்பட்டையில் உள்ள சுருள் இவ்விதிப்படியே கம்பியின் அண்மையை உணர்கிறது. மின்மாற்றி செயற்படுவதும் இதே விதியின்படிதான்.

நீண்ட நேரான கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தின் வலு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இரு மடங்கானால் புலம் பாதியாகும். எனவே, சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளந்தால் கம்பி எவ்வளவு அருகில் உள்ளது என்பதைக் கணிக்கலாம். தூண்டப்பட்ட மின்னழுத்தம் முதல் வரம்பைத் தாண்டும்போது பட்டை ஒலி எழுப்பும். இரண்டாம் வரம்பைத் தாண்டும்போது மின்துடிப்பு தரும்.

எடுத்துக்காட்டாக, கம்பியில் 0.1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொண்டால், 1 மீட்டர் தொலைவில் காந்தப்புலம் 0.02 மைக்ரோடெஸ்லா ஆகும். சென்னையில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. கம்பியின் புலம் இதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். எனினும் புவியின் புலம் நிலையானது ஆதலால் அது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதில்லை. மாறும் புலத்தை மட்டுமே சுருள் உணர்வதால் மிக வலுக்குறைந்த சமிக்ஞையையும் பிரித்தறிய முடிகிறது. பிற கருவிகளின் இரைச்சலிலிருந்து வேறுபடுத்துவதற்காகச் சமிக்ஞை குறிமுறை இடப்பட்டு அனுப்பப்படுவதும் உண்டு.

சுருளின் அச்சு காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக அமைந்துவிட்டால் மின்னழுத்தம் தூண்டப்படாது. நாய் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுருளின் திசை மாறும். இக்குறையைப் போக்கச் சில பட்டைகளில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று சுருள்கள் அமைக்கப்படுகின்றன.

முறுக்குக் கம்பி

அலைபரப்பியிலிருந்து எல்லை வரை செல்லும் கம்பியும் எல்லையிலிருந்து திரும்பி வரும் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்படுகின்றன. இவ்விரு கம்பிகளிலும் மின்னோட்டம் எதிர் எதிர்த் திசைகளில் பாய்வதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஆகவே நாய் முறுக்குக் கம்பியின் மேல் தடையின்றி நடக்கலாம். இவ்வாறு முறுக்காமல் விட்டால் வீட்டுக்கும் எல்லைக்கும் இடையே தேவையற்ற இன்னொரு வேலி உருவாகிவிடும்.

இதே காரணத்தால், எல்லைச் சுற்றின் இரு பகுதிகள் அருகருகே இணையாகச் செல்லக் கூடாது. அவற்றுக்கிடையே ஏறத்தாழ 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளி தேவை. இடைவெளி குறைந்தால் புலங்கள் நீங்கி, அவ்விடத்தில் வேலி இல்லாத ஒரு வாயில் உண்டாகும்.

பயிற்சி

கருவியைப் பொருத்துவது மட்டும் போதாது. நாய்க்கு எல்லை கண்ணுக்குத் தெரியாது ஆதலால், பயிற்சி இன்றிப் பட்டை அணிவிக்கப்பட்ட நாய் தனக்கு வலி எங்கிருந்து வருகிறது என்பதை அறியாது. எந்தப் பக்கம் ஓடினால் வலி நிற்கும் என்பதும் அதற்குத் தெரியாது.

பயிற்சி பொதுவாக இரண்டு வாரங்கள் வரை நடைபெறும். ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடங்கள் போதுமானவை. முதல் சில நாட்களில் மின்துடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டு ஒலி மட்டும் இயக்கப்படும். வளர்ப்பவர் நாயை வாரில் பிடித்துக்கொண்டு கொடிகளை நோக்கி அழைத்துச் செல்வார். ஒலி எழுந்ததும் நாயைத் திருப்பி உள்ளே அழைத்து வந்து, பாராட்டித் தின்பண்டம் கொடுப்பார். இதன் பின்னரே மிகக் குறைந்த அளவிலான மின்துடிப்பு அறிமுகப்படுத்தப்படும். இறுதியாக, எல்லைக்கு வெளியே பந்து, மனிதர், வேறு நாய் போன்ற கவர்ச்சிகள் இருக்கும்போதும் நாய் உள்ளேயே நிற்கிறதா என்று சோதிக்கப்படும்.

உளவியலில் இது தவிர்ப்புக் கற்றல் எனப்படும். ஒலியைக் கேட்டவுடன் பின்வாங்கினால் வலியைத் தவிர்க்கலாம் என்பதை நாய் கற்றுக்கொள்கிறது. நன்கு பழகிய நாய் மின்துடிப்பை மிக அரிதாகவே பெறும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளுக்கும், அச்ச இயல்புடைய நாய்களுக்கும், ஏற்கனவே கடிக்கும் பழக்கமுள்ள நாய்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை.

வகைகள்

கம்பி வகை: மேலே விளக்கப்பட்டது. நிலத்தின் வடிவத்திற்கு ஏற்ப எல்லையை அமைக்கலாம்.

கம்பியில்லா வகை: நடுவில் வைக்கப்படும் அலைபரப்பியைச் சுற்றி வட்டமான பரப்பு அமையும். இதில் செயல்முறை தலைகீழானது. சமிக்ஞை வலுக்குறையும்போது பட்டை எச்சரிக்கும். சுவர், உலோகக் கூரை, வண்டி ஆகியவை சமிக்ஞையை மறைப்பதால் எல்லை இடம் மாறக்கூடும்.

செயற்கைக்கோள் வகை: பட்டையில் உள்ள இடங்காட்டி, செயற்கைக்கோள்களின் துணையுடன் நாயின் இருப்பிடத்தைக் கணிக்கும். இதன் பிழை சில மீட்டர்கள் வரை இருக்கும். பல ஏக்கர் பண்ணைகளுக்கு இப்பிழை பொருட்டன்று. ஆனால் 10 மீட்டர் அகலமுள்ள மனையில் வீட்டினுள் படுத்திருக்கும் நாயையும் எல்லையைத் தாண்டியதாகக் கருவி தவறாகக் கொள்ளலாம்.

மின்துடிப்பும் மின்வேலியும்

கழுத்துப்பட்டையின் மின்துடிப்பு உயர்ந்த மின்னழுத்தமும் மிகக் குறைந்த ஆற்றலும் கொண்டது. சிறிய மின்கலத்திலிருந்து பெறப்படுவதாலும், மிகக் குறுகிய நேரமே நீடிப்பதாலும், கழுத்தில் அருகருகே உள்ள இரு முனைகளுக்கு இடையே மட்டும் பாய்வதாலும் இது இதயத்தைத் தாக்குவதில்லை. நாய் எல்லைக்குள் சிக்கி நின்றுவிட்டால், சில நொடிகளுக்குப் பின் துடிப்பைத் தானாகவே நிறுத்தும் அமைப்பும் பெரும்பாலான பட்டைகளில் உண்டு. எனினும் வலி வலியே ஆகும். உயிருக்கு ஆபத்து இல்லை என்பதால் துன்பம் இல்லை என்று பொருள் கொள்ளலாகாது.

பட்டையால் ஏற்படும் உடற்காயங்களுள் பொதுவானது மின்சாரத்தால் ஏற்படுவது அன்று. உலோக முனைகள் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்துவதால் தோலில் புண் உண்டாகிறது. ஆகவே நாள்தோறும் பட்டையைக் கழற்றிக் கழுத்தைப் பார்வையிட வேண்டும். ஒரு நாளில் 8 முதல் 12 மணி நேரத்திற்கு மேல் அணிவிக்கக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர நகரங்களில் இப்புண்கள் எளிதில் சீழ் பிடிக்கும்.

வயல்களில் பயன்படும் முறையான மின்வேலியும் துடிப்புகளாகவே மின்சாரத்தைச் செலுத்துகிறது. பன்னாட்டு மின்நுட்ப ஆணையத்தின் செந்தரப்படி, 500 ஓம் தடைக்கு ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. இரு துடிப்புகளுக்கு இடையே குறைந்தது ஒரு நொடி இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கம்பியைப் பற்றிய மனிதரோ விலங்கோ விடுபட முடிகிறது.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைத்தால் இந்த இடைவெளி இல்லை. தொடர்ந்து பாயும் மாறுதிசை மின்னோட்டத்தால் தசைகள் இறுகிவிடுவதால் கையை விடுவிக்க இயலாது. தமிழ்நாட்டில் பயிரைக் காக்க இவ்வாறு சட்டத்திற்குப் புறம்பாக அமைக்கப்பட்ட வேலிகளில் சிக்கி மனிதர்களும் யானைகளும் இறந்துள்ளனர். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் உயிர் தப்பின. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்குமான விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. நாயை அடைக்கவோ திருடரைத் தடுக்கவோ வீட்டுச் சுற்றுச்சுவரில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் இதே வகையான குற்றமே.

நன்மைகள்

சுவர் எழுப்ப இயலாத பரந்த நிலங்களில் செலவு குறைவு.

தோட்டத்தின் நடுவிலுள்ள கிணறு, நீச்சல் குளம், காய்கறிப் பாத்தி போன்றவற்றிலிருந்தும் நாயை விலக்கி வைக்கலாம்.

ஏற்கனவே உள்ள வேலியைத் தோண்டியோ தாண்டியோ வெளியேறும் நாயை வேலிக்கு அருகில் வராமல் தடுக்கலாம்.

நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைப்பதைவிட நாய்க்கு நடமாட்டம் அதிகம் கிடைக்கிறது.

குறைகள்

புலனாகா வேலி நாயை உள்ளே வைக்க முயல்கிறது. வெளியிலிருந்து வருபவற்றைத் தடுப்பதில்லை. தெருநாய்களும் குழந்தைகளும் எல்லைக்குள் தடையின்றி நுழையலாம். அவ்வாறு நுழையும் நாய் தாக்கினால், பட்டை அணிந்த நாய்க்குத் தப்பி ஓடவும் வழியில்லை.

வேகமாக ஓடும் நாய் எல்லையை எளிதில் தாண்டிவிடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் நாய் ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கும். 2 மீட்டர் அகலமுள்ள எல்லைப் பட்டையை அது 0.2 நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். எச்சரிக்கை ஒலியைக் கேட்டுத் திரும்ப அதற்கு நேரம் இருக்காது. முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி போன்ற தமிழ்நாட்டு இனங்கள் இவ்வகையான வேகமும் துரத்தும் இயல்பும் உடையவை.

வெளியேறிய நாய் திரும்பி வரும்போதும் மின்துடிப்பைப் பெறும். துரத்தும் வேட்கையில் வலியைப் பொருட்படுத்தாமல் வெளியேறிய நாய், வேட்கை தணிந்த பின் திரும்ப அஞ்சித் தெருவிலேயே நின்றுவிடக்கூடும்.

எல்லையருகே ஒரு மனிதரைக் கண்டு நாய் ஓடிச் செல்லும் அதே நேரத்தில் வலி ஏற்பட்டால், வலியை அம்மனிதருடன் அது தொடர்புபடுத்திக்கொள்ளலாம். இதனால் அஞ்சல்காரர், பால்காரர், அண்டை வீட்டுக் குழந்தை ஆகியோரிடம் முன்பு இல்லாத பகைமை தோன்றக்கூடும்.

மின்கலம் தீர்ந்தாலோ மின்தடை ஏற்பட்டாலோ வேலி இல்லாமற் போகும். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

ஆய்வுகள்

2000 ஆம் ஆண்டில் வெளியான ரிச்சர்டு போல்சுகியின் ஆய்வுக் கட்டுரை, இவ்வகை வேலிக்குள் இருந்த நாய்கள் மனிதரைக் கடித்த ஐந்து நிகழ்வுகளை ஆராய்ந்தது. மின்துடிப்பின் வலி தாக்குதலைத் தூண்டியிருக்கலாம் என அது கருதியது. எனினும் ஐந்து நிகழ்வுகளைக் கொண்டு பொதுமுடிவு எதற்கும் வர இயலாது.

2017 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடையே நடத்திய கணிப்பின் முடிவுகள் வெளியாயின. மின்னணு வேலிக்குள் இருந்த நாய்களில் 44 விழுக்காடு ஒருமுறையேனும் தப்பியிருந்தன. கண்ணுக்குத் தெரியும் வேலிகளுக்குள் இருந்தவற்றில் இது ஏறத்தாழ 23 விழுக்காடு. அதேவேளை, கடிப்பதற்கும் வேலியின் வகைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை.

2016 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, இத்தகைய வேலிக்குள் நெடுங்காலம் இருந்த பூனைகளின் நடத்தையைச் சோதித்தது. நீண்டகால நலக்கேடு எதுவும் அதில் தென்படவில்லை. பூனைகளைப் பற்றிய முடிவை நாய்களுக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது.

சட்ட நிலை

வேல்சு நாட்டில் 2010 ஆம் ஆண்டு முதல் நாய்களுக்கும் பூனைகளுக்கும் மின்னதிர்ச்சிப் பட்டை அணிவிப்பது குற்றம். வேலியுடன் இணைந்த பட்டைகளும் இதில் அடங்கும். இங்கிலாந்தில் 2023 ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட வரைவு விதிகள், கையால் இயக்கும் பட்டைகளைத் தடை செய்து வேலிப் பட்டைகளுக்கு விலக்கு அளித்தன. அவை 2024 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முன் நிறைவேறவில்லை. செருமனியில் மின்னதிர்ச்சிப் பட்டைகளைப் பயிற்சியில் பயன்படுத்துவது விலங்குநலச் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டின் கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலம் இடைவழி ஒன்றைக் கைக்கொள்கிறது. அங்கு, நாய் ஊடுருவ முடியாத, குறைந்தது 1.5 மீட்டர் உயரமுள்ள வேலிக்கு உட்புறத்தில் மட்டுமே இக்கருவியைப் பயன்படுத்தலாம். அதாவது, உண்மையான வேலிக்குத் துணையாக மட்டுமே இது ஏற்கப்படுகிறது.

இந்தியாவில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 இக்கருவியைப் பெயர் சுட்டிக் குறிப்பிடவில்லை. ஆயினும் அதன் 11 ஆம் பிரிவு, விலங்குக்குத் தேவையற்ற வலி அல்லது துன்பம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராதிருப்பதும் அதே பிரிவின்படி குற்றங்களே. ஆகவே, சங்கிலிக்கு மாற்றாக மின்பட்டையையோ மின்பட்டைக்கு மாற்றாகச் சங்கிலியையோ கொள்வதால் மட்டும் வளர்ப்பவரின் கடமை முடிந்துவிடாது.

இச்சட்டத்திற்குச் சென்னையுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கலாசேத்திரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இதற்கு முன்னோடியாக அமைந்தது. சட்டத்தின்கீழ் 1962 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்து இயங்கியது. பின்னர் அரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது.

வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காப்பதும் உரிமையாளரின் சட்டக் கடமையாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289 ஆம் பிரிவில் இருந்த இக்குற்றம், 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 291 ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமி ஒருவரை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் காயப்படுத்தின. இதன் பின்னர், நாய்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது குறித்த விவாதம் நகரில் வலுப்பெற்றது.

சாந்தோம் போன்ற பகுதிகளில்

சாந்தோம், மயிலாப்பூருக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே அமைந்த பழமையான குடியிருப்புப் பகுதி ஆகும். போக்குவரத்து மிகுந்த சாந்தோம் நெடுஞ்சாலை இதன் ஊடே செல்கிறது. தனி வீடுகள், அடுக்குமாடிகள், பள்ளிகள், மீனவர் குடியிருப்புகள் ஆகியவை நெருங்கி அமைந்துள்ளன. இத்தகைய இடத்தில் புலனாகா வேலியின் பொருத்தத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

சென்னையில் மனை கிரவுண்டு என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. 1 கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனையில் 30 அடிக்கு 45 அடி வீடு ஒன்று நடுவில் இருப்பதாகக் கொள்வோம். பக்கங்களில் 5 அடியும் முன்னும் பின்னும் 7.5 அடியும் எஞ்சும். எச்சரிக்கைப் பகுதியும் துடிப்புப் பகுதியும் சேர்ந்து கம்பியிலிருந்து 5 அடி அகலம் வேண்டும் என்றால், பக்கவழிகள் இரண்டும் முழுவதுமாக எல்லைப் பட்டைக்குள் போய்விடும். முன்னும் பின்னும் 2.5 அடி அகலத் துண்டுகள் மட்டுமே நாய்க்கு எஞ்சும். அகலத்தைக் குறைத்தால் ஓடும் நாயைத் தடுக்க இயலாது. கூட்டினால் காந்தப்புலம் செங்கற்சுவரைக் கடந்து வீட்டினுள் புகுந்து, அறையில் படுத்திருக்கும் நாய்க்கும் அதிர்ச்சி தரும்.

வேறு சில இடர்ப்பாடுகளும் உள்ளன:

நிலத்தடி மின்வடங்களுக்கு இணையாக எல்லைக் கம்பி சென்றால் குறுக்கீடு ஏற்படும். குறைந்தது 3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். நெருக்கமான தெருக்களில் இது எளிதன்று.

இரும்புக் கதவு, கான்கிரீட்டில் உள்ள கம்பிகள் ஆகியவற்றில் சமிக்ஞை தூண்டப்பட்டு, எதிர்பாராத இடங்களில் பட்டை இயங்கக்கூடும்.

உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கும் நீரும் கம்பி இணைப்புகளை விரைவில் அரிக்கும். இணைப்புகள் நீர்புகா உறைகளில் அடைக்கப்பட வேண்டும்.

தீபாவளி நாட்களில் வெடியோசைக்கு அஞ்சும் நாய்கள் மின்துடிப்பையும் மீறி ஓடும். சுவரும் மூடிய கதவும் தடுக்கக்கூடிய இந்த ஓட்டத்தைப் புலனாகா வேலி தடுப்பதில்லை.

தெருநாய்கள் உள்ளே வருவதால் வெறிநாய்க் கடி நோய் தொற்றும் வாய்ப்பு நீங்குவதில்லை. அறிகுறி தோன்றிய பின் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும். எனவே வேலி எதுவாயினும் தடுப்பூசி இன்றியமையாதது.

மாற்று வழிகள்

சென்னை வீடுகளில் பெரும்பாலும் சுற்றுச்சுவர் ஏற்கனவே உள்ளது. நாய் வெளியேறுவது சுவரைத் தாண்டி அன்று, திறந்து கிடக்கும் வாயிற்கதவின் வழியாகவே. எனவே கதவு தானாக மூடிக்கொள்ளும் வில்சுருள் அமைப்பு, கதவின் அடிப்பகுதி இடைவெளியை அடைக்கும் வலை, வாயிலுக்கு உட்புறம் இன்னொரு சிறு கதவு ஆகியவை குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும். இரட்டைக் கதவு முறையில் ஒன்று மூடிய பின்னரே மற்றொன்று திறக்கப்படுவதால், வருவோர் போவோர் கால்களுக்கிடையே நாய் நழுவிச் செல்ல முடியாது.

கருத்தடை அறுவை, நாய்கள், குறிப்பாக ஆண் நாய்கள், இணை தேடி அலைவதைக் குறைக்கிறது. நகர அளவில் இம்முறையை முன்னெடுத்ததில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. கேப்டன் வி. சுந்தரம் 1959 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய இந்திய நீலச் சிலுவைச் சங்கம், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964 ஆம் ஆண்டிலேயே முன்வைத்தது. மாநகராட்சி அதனை ஏற்றுக் கொல்லும் வழக்கத்தைக் கைவிட்டது 1996 ஆம் ஆண்டிலேயே. பின்னர் 2001 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான விதிகள் வெளியாயின. அவற்றுக்கு மாற்றாக 2023 ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன.

நாய் வெளியேற முயல்வதற்குச் சலிப்பும் உடற்பயிற்சிக் குறைவும் முக்கியக் காரணங்கள். காலையும் மாலையும் வாரில் பிடித்து நடை அழைத்துச் செல்லப்படும் நாய், எல்லையைக் கடக்க முயல்வது குறைவு. தப்பிச் சென்றாலும் திரும்பக் கிடைப்பதற்கு, உரிமையாளரின் தொலைபேசி எண் பொறித்த கழுத்து வில்லையும் தோலின்கீழ் பொருத்தப்படும் அடையாளச் சில்லும் உதவுகின்றன. இச்சில்லில் மின்கலம் இல்லை. அது நாயின் இருப்பிடத்தைக் காட்டாது. அலைவருடியை அருகில் கொண்டு சென்றால் அடையாள எண்ணை மட்டுமே தரும்.